நைஸ் 19 கொடுத்தும் அடங்காத பேக்கப்: டேட்டாபேஸ் சர்வரில் முன்னுரிமை மாற்றிய அனுபவம்

8 கோர், என்விஎம்இ டிஸ்க், டெபியன் லினக்ஸ், அதன் மேல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். பகலில் எந்தக் குறையும் இல்லாத சர்வர். இரவு பேக்கப் (பிஜி டம்ப் டேட்டாவை எடுக்கும், கம்ப்ரெஷன் திரெட்கள் அதைச் சுருக்கும்) தொடங்கியதும் 5 மில்லிவிநாடியில் முடிகிற குவெரி 30, 40 என்று இழுக்கும்; சில நேரம் 100-ஐயும் தாண்டும். அந்த நேரத்திலும் ஆட்கள் உள்ளே இருப்பார்கள் என்பதால் "ராத்திரிதானே" என்று விட்டுவிட முடியாது. டேட்டாபேஸுக்கு முன்னுரிமையை ஏற்றிவிட்டால் போயிற்று, நைஸ் என்ற முன்னுரிமை எண்ணை மாற்றும் ரீநைஸ் கட்டளையில் மைனஸ் 10 என்று ஒரு வரி என்பதுதான் எல்லோரும் முதலில் சொன்ன யோசனை.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்ய வேண்டியிருந்தது. குவெரிகள் சிபியு கிடைக்காமல்தான் காத்திருக்கின்றனவா? முன்னுரிமை என்பது வரிசையில் யாரை முன்னால் விடுவது என்கிற விஷயம். வரிசையே இல்லாத இடத்தில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒன்றும் மாறாது. டிஸ்க்குக்கோ பூட்டுக்கோ காத்திருக்கும் பிராசஸுக்கு மைனஸ் 20 கொடுத்தாலும் அது அங்கேயேதான் நிற்கும்.

விஎம்ஸ்டாட் ஓடவிட்டால் முதல் நெடுவரிசையில் ஓடத் தயாராக இருக்கும் பிராசஸ்களின் எண்ணிக்கை தெரியும். பகலில் 2, 3 என்று இருப்பது பேக்கப் நேரத்தில் 15-ஐத் தாண்டி நின்றது. 8 கோருக்கு அது நெரிசல்தான். ஆனாலும் இது மொத்தச் சர்வரின் கணக்கு. டேட்டாபேஸ் எவ்வளவு காத்திருக்கிறது என்பதை இது சொல்லாது. அதற்கு நான் நம்புவது பிராக் அடைவில் ஒவ்வொரு பிராசஸ் எண்ணுக்குள்ளும் இருக்கும் ஸ்கெட்ஸ்டாட் கோப்பை. அதில் மூன்றே எண்கள்: சிபியுவில் ஓடிய நேரம், ஓடத் தயாராக இருந்தும் வரிசையில் நின்ற நேரம், எத்தனை முறை சிபியு கிடைத்தது என்பது. முதல் இரண்டும் நானோவிநாடியில். பரபரப்பாக இருக்கும் ஒரு போஸ்ட்கிரெஸ் பிராசஸைப் பிடித்து, 10 விநாடி இடைவெளியில் இருமுறை படித்து, இரண்டாவது எண்ணைக் கழித்துப் பார்த்தேன். 10 விநாடியில் 3 விநாடிக்கும் மேல் வரிசையிலேயே கழிந்திருந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

லினக்ஸின் மையமான கெர்னலில் 4.20 முதல் பிஎஸ்ஐ என்ற அளவீடும் உண்டு. பிராக் அடைவின் பிரஷர் பகுதியில் சிபியு, மெமரி, ஐஓ மூன்றுக்கும் தனித்தனிக் கோப்புகள். கடந்த 10, 60, 300 விநாடிகளில் எத்தனை விழுக்காடு நேரம் யாராவது ஒருவராவது காத்திருந்தார் என்று சொல்லும். ஐஓ பக்கம் அமைதியாக இருந்தது. சிபியு பக்கம்தான் எகிறியது. ஆக, முன்னுரிமையில் கை வைப்பதற்கு நியாயம் கிடைத்தது.

ஏற்றுவதா, இறக்குவதா

நைஸ் மதிப்பு மைனஸ் 20-இலிருந்து 19 வரை. எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். கெர்னலுக்குள் ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் எடை உண்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறத்தாழ 1.25 மடங்கு வித்தியாசம். 0-க்கு 1024, மைனஸ் 5-க்கு 3121, 10-க்கு 110, 19-க்கு வெறும் 15. 2007-இல் 2.6.23 கெர்னலோடு வந்த சிஎஃப்எஸ் திட்டமிடுவானிலும், 6.6-இல் அதன் இடத்துக்கு வந்த ஈஈவிடிஎஃப்-இலும் இதே எடைகள்தான்.

ஒரு கோரில் ஒரு டேட்டாபேஸ் பிராசஸும் ஒரு கம்ப்ரெஷன் திரெட்டும் மோதுவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் 0 என்றால் ஆளுக்குப் பாதி. டேட்டாபேஸை மைனஸ் 5-க்கு ஏற்றினால் அதற்கு 75 விழுக்காடு. ஏற்றாமல் கம்ப்ரெஷனை 19-க்கு இறக்கினால் டேட்டாபேஸுக்கு 98 விழுக்காட்டுக்கும் மேல். இறக்குவதற்கு ரூட் உரிமைகூட வேண்டாம், ஏற்றுவதற்குத்தான் வேண்டும்.

கணக்கைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. டேட்டாபேஸ் தனியாக வேலை செய்வதில்லை. டிஸ்க்குக்கு எழுதுவதை முடித்துத் தருவது, நெட்வொர்க் பொட்டலங்களை எடுத்துக் கொடுப்பது போன்றவற்றில் கெர்னலின் சொந்தத் திரெட்களுக்கும் பங்கு உண்டு. அவற்றில் பல நைஸ் 0-வில் ஓடுபவை. டேட்டாபேஸை மைனஸ் 20-க்கு ஏற்றினால் அதன் எடை 88761, அதாவது 0-வில் இருப்பவரைப் போல 86 மடங்கு. தான் யாருடைய வேலைக்குக் காத்திருக்கிறதோ அவரையே அது பின்னால் தள்ளும். எஸ்கியூஎல் சர்வரில் பிரையாரிட்டி பூஸ்ட் என்று ஓர் அமைப்பு இருந்தது. ஓஎஸ்ஸுக்கும் நெட்வொர்க்குக்கும் வேண்டிய சிபியுவை அது உறிஞ்சிவிடலாம், பயன்படுத்தாதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது.

அதனால் இறக்குவது என்று முடிவு. பேக்கப், லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கீழ் ஒரு சர்வீஸ். டைமர் வழியாக ஓடுவது. அதன் அமைப்புகள் இருக்கும் யூனிட் கோப்பில் நைஸ் 19 என்று ஒரு வரி சேர்த்தேன். அன்றிரவு, ஓடும் பிராசஸ்களைக் காட்டும் டாப் திரையில் கம்ப்ரெஷன் பிராசஸின் என்ஐ நெடுவரிசையில் 19 அழகாகத் தெரிந்தது. பக்கத்திலேயே அதன் சிபியு பங்கும் தெரிந்தது: முன்பு இருந்த அதே அளவு. போஸ்ட்கிரெஸின் ஸ்கெட்ஸ்டாட் எண்ணிலும் அசைவில்லை.

எண் இருக்கிறது, விளைவு இல்லை

நைஸ் மதிப்பு சர்வர் முழுவதற்கும் பொதுவானது என்றுதான் பழைய யூனிக்ஸ் பழக்கம் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இன்றைய லினக்ஸில் அது ஒரு குழுவுக்குள் மட்டும்தான் பேசும். பிராசஸ்களைக் குழுக்களாகப் பிரிக்கும் சிகுரூப் அமைப்பில் சிபியு கட்டுப்பாட்டாளர் இயக்கத்தில் இருந்தால், கெர்னல் முதலில் குழுக்களுக்கு இடையே சிபியுவைப் பங்கிடும். பிறகுதான் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் நைஸ் பார்த்துப் பிரிக்கும். கூட்டுக் குடும்பத்தில் சொத்தைக் கிளைவாரியாகப் பிரித்த பிறகு ஒவ்வொரு கிளைக்குள்ளும் பங்கு போடுவது மாதிரி. பேக்கப் தன் குழுவுக்குள் எவ்வளவு பணிவாக இருந்தாலும், அந்தக் குழுவுக்கு வரவேண்டிய பாதி வந்துகொண்டேதான் இருக்கும்.

வழக்கமாக, சர்வீஸ்கள் இருக்கும் சிஸ்டம் ஸ்லைஸ் என்ற பெரிய குழுவில் இந்தக் கட்டுப்பாட்டாளர் இயங்காமல் இருக்கலாம். இங்கே யார் இயக்கியது? சிகுரூப் அடைவில் சிஸ்டம் ஸ்லைஸுக்குள் சப்ட்ரீ கன்ட்ரோல் என்ற கோப்பைத் திறந்தால் அதில் சிபியு என்ற சொல் இருந்தது. யூனிட் கோப்புகளில் தேடியதில் காரணம் சிக்கியது: கண்காணிப்பு ஏஜென்ட் ஒன்றுக்கு யாரோ எப்போதோ சிபியு கோட்டா 20% என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஏஜென்ட் அளவுக்கு மீறிச் சிபியு தின்னக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு யூனிட்டுக்கு அந்த வரி வந்ததும் அதே ஸ்லைஸில் உள்ள எல்லா யூனிட்களுக்கும் கட்டுப்பாட்டாளர் இயங்கத் தொடங்கிவிடும். டேட்டாபேஸுக்கோ பேக்கப்புக்கோ சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பில் இருந்த ஒற்றை வரி, நைஸ் மதிப்பைச் செல்லாக்காசாக்கியிருந்தது. மைனஸ் 10 யோசனையைக் கேட்டிருந்தாலும் கதி இதேதான்.

இன்னொன்றும் இதில் புரிந்தது. குழுப் பங்கீடு இல்லாவிட்டால் 30 போஸ்ட்கிரெஸ் பிராசஸ்கள் ஒரு பக்கம், 8 கம்ப்ரெஷன் திரெட்கள் ஒரு பக்கம் என்று தலையெண்ணி, டேட்டாபேஸுக்குத் தானாகவே பெரிய பங்கு கிடைத்திருக்கும். குழுவாகப் பிரித்தபின் 30-க்கும் மதிப்பில்லை, 8-க்கும் மதிப்பில்லை. இரண்டு குழு, ஆளுக்குப் பாதி. நெரிசல் கூடக்கூட குவெரி நேரம் ஏன் அவ்வளவு மோசமாக ஏறியது என்பதற்கு இதுவே பதில்.

கட்டுப்பாட்டாளரை நிறுத்துவதை விட அதையே பயன்படுத்திக்கொள்வதுதான் நல்லது. சிபியு வெயிட் என்ற அமைப்பு 1-இலிருந்து 10000 வரை. எதுவும் சொல்லாவிட்டால் 100. பேக்கப் சர்வீஸுக்கு 5 கொடுத்தால், இருவர் மட்டும் மோதும்போது டேட்டாபேஸுக்கு 95 விழுக்காடு. நைஸுக்கு யூனிட்டை மீண்டும் தொடங்க வேண்டும், இதற்கு வேண்டாம். சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் செட் பிராபர்டி வழியாகக் கொடுத்த நொடியில் செயலுக்கு வரும். ரன்டைம் என்ற கொடியைச் சேர்த்தால் அடுத்த ரீபூட் வரைதான் நிற்கும் என்பதால் முதலில் அப்படியே சோதித்தேன்.

டெபியனில் டேட்டாபேஸ் பக்கம் எடையை மாற்ற நினைப்பவர்கள் ஓரிடத்தில் நிதானிக்க வேண்டும். அங்கே போஸ்ட்கிரெஸ் சர்வீஸ் என்று பெயர் சொல்லி நிற்பது வெறும் முகப்பு. உண்மையில் ஓடுவது பதிப்பு எண்ணும் கிளஸ்டர் பெயரும் சேர்ந்த டெம்ப்ளேட் யூனிட். அது போஸ்ட்கிரெஸுக்கென்றே உள்ள ஒரு துணை ஸ்லைஸுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்த யூனிட்டுக்கு எடையை ஏற்றினால் அதே ஸ்லைஸுக்குள் இருக்கும் மற்ற கிளஸ்டர்களோடுதான் போட்டி. ஒரே ஒரு கிளஸ்டர் இருந்தால் போட்டிக்கு ஆளே இல்லை. பேக்கப்போடு மோதுவது அந்தத் துணை ஸ்லைஸ் என்பதால் எடையை அதற்குத்தான் கொடுக்க வேண்டும். யார் எந்தக் கிளையில் இருக்கிறார் என்பதை சிஸ்டம்டி சிஜிஎல்எஸ் மரமாக வரைந்து காட்டும். அதைப் பார்க்காமல் எண்ணைத் தொடாதீர்கள்.

அதே மரத்தில் இன்னொரு கிளையும் கண்ணில் பட்டது. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வருபவர்கள் யூசர் ஸ்லைஸில் இருப்பார்கள். சிஸ்டம் ஸ்லைஸுக்கும் யூசர் ஸ்லைஸுக்கும் தலா 100. டெர்மினலில் ஒருவர் கனமான ஸ்கிரிப்டை ஓடவிட்டால், டேட்டாபேஸ் உட்பட எல்லாச் சர்வீஸ்களும் ஒரு பக்கம், அவர் ஒருவர் மறுபக்கம் என்று பாதிப் பங்கை எடுத்துக்கொள்வார். யூசர் ஸ்லைஸை 25-ஆக இறக்கினேன். நெரிசலில் ஐந்தில் ஒரு பங்கு. அவசரத்துக்கு உள்ளே வந்து கட்டளை தட்டுபவருக்கு அது தாராளம்.

விளைவைப் பார்க்க போஸ்ட்கிரெஸின் துணை ஸ்லைஸுக்குரிய சிகுரூப் அடைவிலேயே தனி சிபியு பிரஷர் கோப்பு இருக்கிறது. பேக்கப் நேரத்தில் 40-ஐ ஒட்டி நின்ற 10 விநாடிச் சராசரி, ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. குவெரி நேரமும் கிட்டத்தட்டப் பகல் அளவுக்கு இறங்கியது.

மெதுவான பேக்கப்புக்கு ஒரு விலை

பேக்கப்பை இறக்கிவிட்டால் அது மெதுவாக ஓடும். ஓடட்டுமே என்றுதான் தோன்றும். பிஜி டம்ப் விஷயத்தில் அப்படி விட முடியாது. அது வெறும் கிளையன்ட். டேபிள்களைப் படித்துத் தரும் வேலையைச் செய்வது போஸ்ட்கிரெஸுக்குள் அதற்கென்று பிறக்கும் ஒரு பேக்எண்ட் பிராசஸ். டாப் திரையில் காப்பி என்று தன் வேலையைச் சொல்லிக்கொண்டு ஒரு கோரைப் பிடித்திருப்பது அதுதான். அது டேட்டாபேஸின் குழுவில் இருப்பதால் பேக்கப் சர்வீஸுக்குக் கொடுத்த எடை அதைத் தொடாது. ஆனாலும் அது ஓரளவு தானாக அடங்குகிறது: கம்ப்ரெஷன் மெதுவாகும்போது இடையில் உள்ள பைப் நிரம்பும், எழுத இடமில்லாமல் பேக்எண்ட் நிற்கும். சிபியு கணக்கில் இது வசதி.

இடிப்பது வேறோர் இடத்தில். டம்ப் தொடங்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்டை (அந்த நொடியின் டேட்டா நிலையை) முடியும்வரை விடாது. அதற்குப் பிறகு செத்த (மாற்றியோ நீக்கியோ பயனற்றுப்போன) எந்த டேபிள் வரியையும், அவற்றைத் துப்புரவு செய்யும் வேக்யூம் அதுவரை அகற்ற முடியாது. போதாக்குறைக்கு எல்லா டேபிள் மீதும் அக்சஸ் ஷேர் பூட்டு. குவெரிகளுக்கு அது தடையில்லை. ஆனால் யாராவது ஆல்டர் டேபிள் கொடுத்தால் அது காத்திருக்கும், அதன் பின்னால் வரும் சாதாரண செலக்ட்களும் வரிசையில் மாட்டும். 40 நிமிட பேக்கப் ஒன்றரை மணி நேரமானால் இந்தச் சாளரமும் அவ்வளவு நீளும்.

வேலையை இரண்டாகப் பிரித்ததும் இந்தத் தொல்லை விட்டது. டம்ப்பை டைரக்டரி வடிவில், கம்ப்ரெஷன் 0 என்று கொடுத்து நேராக டிஸ்க்குக்கு எழுதிவிடுவது. அது சீக்கிரம் முடிந்து ஸ்னாப்ஷாட்டும் விடுதலையாகிவிடும். அதன்பின் தனிச் சர்வீஸாக இசட்ஸ்டாண்டர்ட் கம்ப்ரெஷன், எடை 5-இல். அது விடியும்வரை ஓடினாலும் டேட்டாபேஸுக்குத் தெரியப்போவதில்லை. கூடுதல் டிஸ்க் இடம் வேண்டும், இங்கே இருந்தது. இல்லாதவர்கள் டம்ப்பிலேயே எல்இசட்4 கம்ப்ரெஷனைப் பயன்படுத்தலாம்; போஸ்ட்கிரெஸ் 16 முதல் அந்த வசதி உண்டு, சிபியுவும் அதிகம் கேட்காது.

டிஸ்க் பக்கமும் ஐஓநைஸ் (டிஸ்க் முன்னுரிமை) கொடுத்து வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பிளாக் சாதனத்தின் க்யூ அடைவில் ஷெட்யூலர் கோப்பைப் படித்தால் என்விஎம்இ-க்கு நன் என்றிருந்தது. திட்டமிடுவானே இல்லாத இடத்தில் ஐஓநைஸ் கேட்க ஆள் இல்லை. பழைய சிஎஃப்க்யூ திட்டமிடுவான் அதை மதித்தது, 5.0 கெர்னலில் அது போய்விட்டது. இப்போது முழுமையாக மதிப்பது பிஎஃப்க்யூ. மேலும் பேக்கப் எழுதுவது பெரும்பாலும் முதலில் மெமரியில் உள்ள பேஜ் கேஷுக்குத்தான். அங்கிருந்து டிஸ்க்குக்குத் தள்ளுவது கெர்னலின் வேறு திரெட். தேவைப்பட்டால் சிஸ்டம்டியில் ஐஓ ரைட் பேண்ட்வித் மேக்ஸ் என்று எழுதும் வேகத்துக்கே உச்சவரம்பு வைக்கலாம். அதற்கு ஷெட்யூலர் வேண்டியதில்லை. இங்கே ஐஓ நெரிசல் இல்லாததால் விட்டுவிட்டேன்.

டேட்டாபேஸுக்குள்ளேயே வேற்றுமை காட்டலாமா

அறிக்கை எடுக்கும் கனமான குவெரிகளை மட்டும் இறக்கிவைத்தால் என்ன என்பது அடுத்த ஆசை. போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு பிராசஸ். பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் அதன் எண்ணை எடுத்து ரீநைஸ் 10 கொடுப்பது எளிது. எல்லோரும் ஒரே குழுவுக்குள் இருப்பதால் இங்கே நைஸ் வேலையும் செய்யும். சோதனைச் சர்வரில் செய்து பார்த்தேன். சராசரி நன்றாக இருந்தது. ஆனால் இடையிடையே சில சின்னக் குவெரிகள் காரணமில்லாமல் தடுக்கி விழுந்தன. அந்த நேரத்தில் அவற்றின் வெயிட் ஈவன்ட் டைப் நெடுவரிசையில் எல்டபிள்யூலாக் (போஸ்ட்கிரெஸின் உள்பூட்டு) என்று இருந்தது.

முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று பாடப்புத்தகங்களில் வருவது இதுதான். இறக்கிவிட்ட பிராசஸ் உள்பூட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கும்போது கெர்னல் அதை ஓரங்கட்டுகிறது. அந்தப் பூட்டு தேவைப்படும் உயர்ந்த பிராசஸ் அதற்காகக் காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்பு கெர்னலுக்குத் தெரியாது. தெரிந்தால்தானே தாழ்ந்தவரை முன்னால் விடும். செக்பாயின்டர், வால் ரைட்டர் போன்ற பின்னணி பிராசஸ்களை யாரும் இறக்கவே கூடாது என்பதும் இதனால்தான். அவர்கள் கையில் எல்லோருக்கும் வேண்டிய பூட்டுகள் இருக்கும். ஆட்டோவேக்யூம் தொந்தரவு செய்தால் அதற்கு நைஸ் மருந்தல்ல. காஸ்ட் டிலே, காஸ்ட் லிமிட் என்று அதற்கே உரிய அமைப்புகள் இருக்கின்றன.

கனெக்‌ஷன் பூலர் (திறந்த கனெக்‌ஷன்களைப் பலருக்கு மாற்றி மாற்றித் தருவது) வைத்திருந்தால் இன்னொரு வில்லங்கம். அறிக்கை முடிந்ததும் அதே பேக்எண்ட் அடுத்து வேறொரு வேலைக்குப் போகும், நைஸ் 10-ஐத் தூக்கிக்கொண்டு. போஸ்ட்கிரெஸ் பயனரால் இறக்க முடியும், திரும்ப ஏற்ற முடியாது. அதற்கு ரூட்டோ கேப் சிஸ் நைஸ் என்ற தனி உரிமையோ வேண்டும். அந்தக் கனெக்‌ஷன் மூடப்படும்வரை அதில் வருபவர்கள் எல்லோரும் தாழ்ந்தவர்களே. அறிக்கைகளை, டேட்டாபேஸின் நகல் ஓடும் தனி ரெப்ளிகாவுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே யாரும் யாரையும் இறக்க வேண்டியதில்லை.

நைஸ் மதிப்புகளுக்கெல்லாம் மேலே நிற்கும் ரியல்டைம் வகுப்பைச் சோதனைக்குக்கூடத் தொடவில்லை. சாதாரண வகுப்பில் உள்ள எதையும் அது ஓடவிடாது; ஒரு விநாடியில் 0.95 விநாடிக்கு மேல் போகாமல் கெர்னல் வைத்திருக்கும் வேலி மட்டும்தான் காப்பு. ஸ்பின்லாக்கில் (சிபியுவை விடாமலே பூட்டுக்குக் காத்திருப்பது) சுற்றும் பிராசஸுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால், பூட்டை வைத்திருப்பவர் ஓடவே வாய்ப்பில்லாமல் இவர் சுற்றிக்கொண்டிருப்பார்.

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அது ஒரே பிராசஸ், உள்ளே பல திரெட்கள். 8.0 முதல் ரிசோர்ஸ் குரூப் என்ற வசதி அங்கேயே இருக்கிறது: சிஸ்டம் வகைக் குழுக்களுக்கு மைனஸ் 20 முதல் 0 வரை, யூசர் வகைக்கு 0 முதல் 19 வரை திரெட் முன்னுரிமை கொடுக்கலாம். லினக்ஸில் சர்வருக்கு கேப் சிஸ் நைஸ் உரிமை இல்லாவிட்டால் அந்த எண் கண்டுகொள்ளப்படாது. அதை யூனிட் கோப்பில் ஆம்பியன்ட் கேப்பபிலிட்டீஸ் என்ற வரியில் சேர்த்து, சர்வரை மீண்டும் தொடங்கிய பிறகு, டாப் திரையில் பெரிய எழுத்து எச் விசையை அழுத்தித் திரெட்வாரியாக என்ஐ நெடுவரிசை மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.